உறிஞ்சற் பம்பியும் வளியின் பாரமும்

1638 இல் வெளிவந்த கலிலியோவின் உரையாடல் நூலிலே சாகிரேதோ என்பார் தாம் கண்டதொன்றைக் கூறுகின்றார். தொட்டியின் நீர் தாழ்ந்ததும் உறிஞ்சற் பம்பி நீரேற்றாதொழிந்தது. யந்திரம் பழுதுற்றதெனக் கருதிக் கம்மியனை அழைத்தார். குற்றம் பம்பியிலன்று, நீரிலேயே உளது; 18 முழத்திற்கு மேல் உறிஞ்சியேற்றல் இயலாது என்றான் அவன். அவன் பெயரை நூல் கூறாமை குறையே. கம்மியன் அளவை அறிந்திருந்தான். காரணத்தைக் கலிலியோவும் அறிந்தாரல்லர். நெடுங்கயிறு தன் பாரத்தால் அறுவதுபோல நீர்த்தம்பமும் அறுகின்றது என்றே கருதினார்.

அவரது இறுதிக் காலத்தில் துணையாயிருந்த தொரிசெல்லி 1644 இல் உண்மையை விளக்கினார். பம்பி நீரை இழுப்பதில்லை; புறத்தேயுள்ள வளியின் பாரமே தள்ளுகின்றது. அப்பாரம் இரசத்தை ஏறத்தாழ 30 அங்குலமும் நீரை 34 அடியும் தாங்கும். பிற்காலத்துச் சுழற்பம்பியை முதலில் நீரால் நிரப்புவதும் இதுபற்றியே. உள்ளிருக்கும் வளி அகலாவிடின், சுழலி எத்துணை விரைந்து சுழலினும் கிணற்று நீர் மேலெழாது.