ஒற்றைப் படி என்னும் பெருமை: பழைய இருட்டறை முறைகளைச் சண்டிலிப்பாயிலிருந்து நோக்குதல்

பழைய இருட்டறை முறைகளில் ஆக்கிய தற்கால ஒளிப்படங்கள் காட்சிக்கு வரும்போதெல்லாம் அவற்றுக்கு முதலிற் சொல்லப்படும் சிறப்பு, ஒவ்வொரு படமும் ஒன்றேயொன்று என்பதுதான். கைப்பேசிப் படம் நொடியில் ஆயிரம் பேரைச் சென்றடைகிறது. கையால் இரசாயனம் பூசி, வெயில் காட்டி, கழுவி உலர்த்திய தாளுக்கோ இரண்டாம் படி கிடையாது என்கிறார்கள். அந்தப் பெருமை இம்முறைகளின் வரலாற்றோடு ஒட்டவில்லை. ஒற்றைப் படிகளை இழந்தே பழகிய யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அது சற்றும் ஒட்டாது. இம்முறைகளுக்கு இங்கே ஓர் எதிர்காலம் உண்டு என்று உறுதியாக நம்புகிறேன். அந்த எதிர்காலம் படியெடுத்தலில் இருக்கிறது.

ஒற்றைப் படியின் அழகியலை வலிமையாக முன்வைத்த காட்சிகளுள் ஒன்று, 2015இல் லொஸ் ஏஞ்சல்ஸ் கெற்றி அருங்காட்சியகத்தில் வேர்ஜீனியா ஹெக்கேர்ட் தொகுத்த ‘லைற், பேப்பர், புரொசெஸ்’. அதில் இடம்பெற்ற மத்தியூ பிறான்ட், ஏரிகளைப் படம்பிடித்து, அந்தந்த ஏரியின் நீரிலேயே வண்ணப் படங்களை ஊறவிட்டவர். நீர் சாயப் படலங்களைத் தின்னத் தின்ன மஞ்சளும் சிவப்பும் வெடித்துப் பரவுகின்றன. அலிசன் றோசிற்றர் காலாவதியான ஒளிப்படத் தாள்களைத் தேடி வாங்கி, கமராவே இல்லாமல் அவற்றை இருட்டறையிற் கழுவி, தாளுக்குள் ஏறியிருந்த ஈரத்தையும் பூஞ்சையையும் உருவமாக வெளிக்கொணர்ந்தார். இரண்டும் உண்மையான சாதனைகள். ஆனால் பிறான்டின் படம் அழிந்தாலும் ஏரி அங்கேதான் இருக்கிறது. மறுநாள் போய் மறுபடி படமெடுக்கலாம். அழிவை அழகாகக் காண்பதற்கு அந்த உத்தரவாதம் பின்னால் நிற்க வேண்டும்.

வரலாறும் ஒற்றைப் படியின் பக்கம் நிற்கவில்லை. 1839இல் அறிவிக்கப்பட்ட டாகேரின் வெள்ளித் தகட்டுப் படம்தான் மெய்யாகவே ஒற்றைப் படி. இருபது ஆண்டுகளுக்குள் அது வழக்கொழியத் தொடங்கியது. டால்பட் 1841இல் உரிமம் பெற்ற தாள் நெகற்றிவ் முறை, ஒன்றிலிருந்து பலவற்றை எடுக்க இடமளித்ததாலேயே பின்வந்த ஒளிப்படக் கலை முழுவதற்கும் அடித்தளமானது. ஹேர்ஷல் 1842இற் கண்டறிந்த சயனோரைப் என்னும் நீலப்பட முறையை அன்னா அற்கின்ஸ் அடுத்த ஆண்டே கடற்பாசி நூலொன்றைப் பல படிகளாக வெளியிடப் பயன்படுத்தினார். பின்னர் அதே இரசாயனம் பல தசாப்தங்கள் பொறியியலாளரின் வரைபடங்களைப் படியெடுக்கும் ‘புளூபிரின்ற்’ ஆக அலுவலகங்களில் உழைத்தது. இன்று காட்சிக்கூடத்தில் அருமையான கைவேலையாகத் தொங்கும் நீலம், ஒருகாலத்தில் எழுதுவினைஞரின் மேசையிற் கிடந்த சாதாரணப் படிதான்.

தமிழகத்தில் ஒளிப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் 1858இற் செய்த வேலையும் இதையே காட்டுகிறது. மெழுகூட்டிய தாள் நெகற்றிவ்களோடு மதுரைக்கும் தஞ்சைக்கும் போன அவர், பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டிச் சேர்த்து, ஏறத்தாழ 19 அடி நீளமான ஒரே படமாக்கினார். கல்லில் இருந்ததைத் தாளுக்குப் பெயர்க்கும் வேலை அது. அரசாங்கத்துக்காகச் செய்தது என்பதை மறக்க வேண்டியதில்லை. ஆயினும், முறையின் இயல்பு படியெடுத்தலே என்பது அவருக்கு ஐயமறத் தெரிந்திருந்தது.

இலங்கையில் இப்பேச்சு லயனல் வென்ட்டைத் தொடாமல் நகராது. 1944இல் தமது 44ஆவது வயதில் மறைந்த வென்ட், இருட்டறையையே கலைக்கூடமாக்கியவர். சொலரைசேஷன், பல நெகற்றிவ்களை இணைக்கும் படத்தொகுப்பு என அவர் செய்துபார்த்தவை, இன்றைய மாற்றுமுறைக் கலைஞர்கள் பலருக்கு முன்னோடி. அவர் மறைவுக்குப் பின் நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டன. எஞ்சிய படங்களும் 1950இல் வெளியான ‘லயனல் வென்ட்ஸ் சிலோன்’ நூலுமே இன்று நமக்கு அவரைக் காட்டுகின்றன. நெகற்றிவ் போனதால் எஞ்சிய படங்களின் சந்தை மதிப்பு ஏறியிருக்கலாம். ஆய்வாளருக்கு அது ஈடுசெய்ய முடியாத நட்டம். காட்சிக்கூடத்தின் கணக்கும் ஆவணத்தின் கணக்கும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் நாட்டில் இல்லை.

இந்தக் கணக்கை யாழ்ப்பாணக் குடாநாட்டின் சண்டிலிப்பாயில் நின்று பார்க்க வேண்டும். மானிப்பாயும் நவாலியும் சுதுமலையும் இன்று சண்டிலிப்பாய்ப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் அடங்குபவை. மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் நடத்திய தமிழ்வழி மருத்துவக் கல்வியிலிருந்து ‘கெமிஸ்தம்’ 1875இல் நூலாக வந்தது. ஆகவே இரசாயனம் இம்மண்ணுக்கு அந்நியமான வித்தை அன்று. ஆனால் போரின் நடுவே, 1995 ஒக்ரோபர் 30இல், இவ்வூர்களை உள்ளடக்கிய வலிகாமமே எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, கையில் எடுக்க முடிந்தவை காணி உறுதியும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் ஒரு மாற்றுடுப்பும் என்ற அளவில்தான். கலியாண அல்பம் பாரம். சுவரிலே மாட்டிய அப்பப்பாவின் படம் சுவரிலேயே நின்றது. அதற்கும் முன் 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஏடுகளோடும் எரிக்கப்பட்டது. மறுபடி கிடைக்காமற் போனவை ஒற்றைப் படிகளே. ஏட்டுச்சுவடி செல்லரிக்கும் முன் பெயர்த்தெழுதிக் காத்த மரபு இது. சிறுப்பிட்டிச் சி. வை. தாமோதரம்பிள்ளை ஊரூராய்ச் சுவடி தேடி 1887இற் கலித்தொகையை அச்சேற்றியதும் அதே கவலையால்தான். இந்த மண்ணில் ஒரு காட்சி ‘இதற்கு இரண்டாம் படி இல்லை’ என்று பெருமையோடு அறிவிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மண்வாசம் பற்றிய வாதமும் ஒன்று உண்டு. உப்புத்தாள் முறையில் தாளைச் சாதாரண உப்பு நீரில் தோய்த்து, மேலே வெள்ளி நைத்திரேற்றுப் பூசுவார்கள். ஆனையிறவு உப்பைக் கரைத்து ஒருவர் அப்படிப் படம் செய்தால் அது நெஞ்சைத் தொடும் செயல்தான். ஆனால் பார்வையாளர் கண்ணுக்கு அந்த உப்பு தெரியாது. குளோரைட்டு எங்கிருந்து வந்தாலும் குளோரைட்டே. பொருளைத் தாங்குவது படம் அல்ல, பக்கத்திற் குத்திய துண்டுச்சீட்டு. மாறாக, நீலப்படத்தைச் சண்டிலிப்பாய்க் கிணற்று நீரிற் கழுவுங்கள். சுண்ணக்கற் பாறையிலிருந்து ஊறும் கடின நீர் இது. காரத்தன்மை நீலத்தை அரிக்கும். நிழற்பகுதி தாங்கி நிற்க, மெல்லிய இடைத்தொனிகள் வெளிறிப் போகும். நீரிற் சிறிது வினாகிரியோ தேசிப்புளியோ விட்டால் நீலம் நிலைக்கும். இங்கே ஊரின் நிலத்தடி படத்திற்குள்ளேயே வேலை செய்கிறது. சீட்டு இல்லாமலும் அது தெரியும். இடத்தோடான உறவு என்று நாம் மதிக்க வேண்டியது இதைத்தான்.

தொடுகைப் படத்தின் பெறுமதியும் இங்கேதான் துலங்குகிறது. பனையோலைப் பெட்டியின் மூடியை நீலப்படத் தாளின்மேற் கவிழ்த்து, உச்சி வெயிலில் ஒரு கால் மணிநேரம் வையுங்கள். ஓலை இரட்டையாக மடிந்த இடம் வெள்ளையாக நிற்கும். இழைகளுக்கிடையே வெயில் புகுந்த இடம் நீலமாகும். விளிம்பு தாளைவிட்டு மேலெழும் இடத்தில் கோடு மங்கிக் கரையும். இழைத்த கை எங்கே ஓலையை மாற்றியது என்பதுகூட எண்ணத்தக்கதாய்ப் பதியும். கமராவும் நெகற்றிவும் இல்லாமல், பொருள் தன் அளவிலேயே, ஒன்றுக்கு ஒன்றாய்த் தாளில் இறங்குகிறது. இது ஒற்றைப் படிதானே என்று கேட்கலாம். மூடி இருக்கும்வரை அடுத்த தாளும் வைக்கலாம்; மூடி போனபின், தாளைப் பிரதிசெய்து மெல்லிய பிலிமில் நெகற்றிவாக அச்சிட்டு, அதே வெயிலில் அதே அளவிற் பத்துப் படிகள் எடுக்கலாம். பழைய முறையும் புதிய இயந்திரமும் இங்கே பகையல்ல.

கலைஞர் தா. சனாதனனின் ‘த இன்கம்பிளீட் தோம்பு’ 2011இல் வெளியானபோது, ஒற்றைப் படியை விட்டுப் பல படிகளைத் தேரும் இந்த முடிவைத்தான் எடுத்தது. இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீடுகளின் நிலப்படத்தை நினைவிலிருந்து வரைந்தார்கள். அவற்றைச் சுவரில் தொங்கும் அபூர்வப் பொருளாக்காமல், பிரட்டிப் பார்க்கும் கோவை போன்ற நூலாக்கினார் அவர். கலைத்தரம் அதனால் ஓர் இம்மியும் குறையவில்லை.

எண்ணிட்ட சில படிகளுக்கு மேல் எடுத்தால் கலைஞருக்கு வருவாய் போய்விடும் என்பது நியாயமான கவலை. விற்பனைக்கான படிகளுக்கு எண் இட்டுக் கட்டுப்படுத்தலாம். ஆவணப் படிகளை அக்கணக்குக்கு வெளியே வைக்கலாம். சண்டிலிப்பாயிலோ மானிப்பாயிலோ இத்தகைய காட்சி வைப்போர், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு படியைப் பொருளுக்குரிய வீட்டுக்கும், ஒன்றைப் பல்கலைக்கழக நூலகத்துக்கும் கொடுத்து, 2005 முதல் எண்ணிமப் படிகளைத் திரட்டிவரும் நூலக நிறுவனத்திடம் ஒரு கோப்பையும் ஒப்படைக்க வேண்டும். பயன்படுத்திய தாள், கலவை, கழுவிய கிணறு, வெயில் காட்டிய நேரம் ஆகியவற்றையும் படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிவைக்க வேண்டும், பின்னால் வருபவர் அதே படத்தை மறுபடி எடுக்கக்கூடிய அளவுக்கு.