சிற்றில் முற்றத்துச் சுரைக்கொடி

தெலுங்கில் 'வெதுரு' என்றால் மூங்கில். சங்கத்தமிழில் அதுவே 'வெதிர்'. நம் வெதுருகுப்பத்தார்க்கு மூங்கில் என்றதும் காய்ப்பந்தல்தான் ஞாபகம் வரும். தோட்டம் போட இடமேது என்பவர்கள் புறநானூற்று 116ஆம் பாட்டைப் பார்க்கணும்.

பாரி மாண்டான், பறம்பும் முந்நூறு ஊரும் போயின. அங்கே மலையேறி, முற்றுகையிட்ட வேந்தரின் குதிரைகளை எண்ணிய அவன் மகளிர், இப்போது குப்பைமேடேறி உமணரின் உப்புவண்டிகளை எண்ணுகிறார்கள். குடியிருப்பு முள்வேலியிட்ட சிற்றில். முற்றத்தில் பஞ்சு, பக்கத்தில் பீர்க்கும் சுரையும். கபிலர் சொன்னது இழப்பைத்தான். ஆனால் வியாபாரி கண்ணுக்கு (உப்புவண்டியும் நம்ம தொழில்தானே!) இன்னொன்றும் தெரிகிறது: நிலம் போனாலும் கொடி போகவில்லை. வேருக்குக் கொஞ்சம் மண், படரக் கூரை. அவ்வளவே அதன் தேவை. கிழங்கு சேர்க்காத எங்கள் வீட்டில் இன்றும் மாடித்தொட்டிச் சுரைதான் பாதிநாள் குழம்புக்கு.