தீக்குப் பொம்மை வேஷம் வேண்டாம்

அமராவதிக் கரையிலுள்ள தாராபுரத்து வீடுகளில், தீப்பெட்டியைக் குழந்தையின் கைக்கெட்டாத மாடத்தில் வைத்த நம் பாட்டிமாரின் கவலையையே, சட்டமும் காலந்தோறும் தன் கவலையாக ஏற்று வந்திருக்கிறது. எங்கே உரசினும் பற்றிக்கொண்ட வெண்பாஸ்பரத் தீக்குச்சி, அதைச் செய்த தொழிலாளரின் தாடையெலும்பை அரித்தும், வாயிலிட்டுச் சுவைத்த குழந்தைகளின் பிராணனைப் பறித்தும் வந்தமையால், 1906இல் பெர்ன் நகர உடன்படிக்கை அதனை விலக்க, 1913இல் இந்தியாவும் சட்டமியற்றித் தடுத்தது. கல்கத்தாவில் தொழில் கற்று மீண்ட அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியது, அந்த விஷம் விலக்கப்பட்ட பின்னரே.

லைட்டரோ, பிற்காலத்தில் பொம்மைக் காராகவும் மிருகமாகவும் உருவெடுத்தபோது, குழந்தையின் ஆசையே குழந்தைக்கு அபாயமாயிற்று. ஐந்து வயதிற்குட்பட்டோர் எளிதில் மூட்டவியலாத அமைப்பை அமெரிக்கா 1994இல் கட்டாயமாக்கிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் தீர்மானித்து, மறு ஆண்டு முதல் பொம்மை லைட்டர் சந்தைக்கு வருவதையே தடை செய்தது.

2023 ஜூனில், தீப்பெட்டித் தொழிலாளரின் ஜீவனத்தைக் காக்க வேண்டுமென்று தமிழகம் முறையிட்ட பின்னர், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை நம் நாடு தடுத்தது, அது நியாயமே. ஆயினும், விலை எதுவாயினும், விளையாட்டுப் பொருளின் வேஷம் பூண்ட நெருப்பைக் கடைவீதியினின்று அகற்றுவதும் நம் கர்த்தவ்யமாகும்.