பெரியாறும் குரங்கணியும்: முன்னேற்பாட்டின் இரண்டு பாடங்கள்

முல்லைப் பெரியாறு அணையையும் 2018 குரங்கணிக் காட்டுத் தீயையும் அருகருகே வைப்பது முதலில் பொருந்தாததாகத் தோன்றலாம். ஒன்று கம்பம் பள்ளத்தாக்கை வாழவைத்த சாதனை; மற்றது 23 உயிர்களைப் பறித்த பேரிழப்பு. ஆனாலும் எந்த வேலைக்கு எவ்வளவு முன்னேற்பாடு வேண்டும் என்பது இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் விளங்குகிறது.

இரண்டு இடத்திலும் ஆபத்து புதிதல்ல. பெரியாற்றைத் திருப்பும் முதல் முயற்சி 1850-இல் நின்றுபோனது. நோய் மண்டிய காட்டில் வேலை செய்யக் கூலியாட்கள் கேட்ட கூலி கட்டுப்படியாகவில்லை. ஆகவே 1887-இல் பொறியாளர் பென்னிகுவிக் வேலையைத் தொடங்கியபோதே, அந்தக் காடு ஆட்களை என்ன செய்யும் என்பது அரசுக்குத் தெரியும். குரங்கணியிலும் அப்படித்தான். மாசி, பங்குனியில் சரிவுப் புல் சருகாகிவிடும், ஒரு பொறி போதும் என்பது மலையடிவாரத்தில் எல்லோரும் அறிந்தது.

தவறியபின் நடந்ததில்தான் இரண்டும் பிரிகின்றன. பெரியாற்று வெள்ளம் தற்காலிகக் கரைகளை அடித்துச் சென்றது. கரை போனாலும் கட்டுகிறவர்கள் இருந்தார்கள். எங்கே தவறியது என்று பார்த்து மறுபடி கட்டினார்கள். சுண்ணாம்பும் சுர்க்கி எனும் செங்கல் தூளும் சேர்ந்த காரையில் 176 அடி உயர அணை எழுந்தது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தண்ணீர் கிழக்கே திரும்பியது. 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது.

குரங்கணியில் மறுபடி என்பதே இல்லை. 2018 மார்ச் 11 அன்று மலையேற்றத்துக்கு வந்து, கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைத் தீ சூழ்ந்தது. அந்தத் தடத்துக்கு அனுமதி பெறவில்லை என்றது வனத்துறை. சரிவில் ஏறும் தீ, தனக்கு மேலே இருக்கும் புல்லைத் தன் சூட்டாலேயே உலர்த்திக்கொண்டு வரும். அதனால் ஓடுகிற மனிதரை எளிதில் முந்திவிடும். புகையில் திசையும் தெரியாது. தீ வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பது புறப்படுமுன்பே முடிவாகியிருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு நம்பி வந்தவர்களுடையதல்ல. அழைத்துச் சென்றவர்களுக்கும் காட்டைக் காக்கிறவர்களுக்கும் உரியது.

பாடத்தை மற்றவர்கள்தான் படிக்க வேண்டியிருந்தது. 2018-லேயே மலையேற்றத்துக்கான ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 40 தடங்களுடன் தொடங்கியது. குரங்கணி–சாம்பலாறு தடமும் அதில் உண்டு. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருகிறார்கள். தீப்பருவத்தில் தடங்கள் மூடப்படுகின்றன.

இதை வைத்துப் பெரியாறு வெற்றி, குரங்கணி தோல்வி என்று கணக்கை முடித்துவிட முடியாது. அணை கட்டும் காலத்தில் 483 பேர் நோயால் மாண்டதாகப் பதிவு இருக்கிறது. அணைக்கு வடக்கே அவர்களைப் புதைத்த இடமும் இருக்கிறது. 1850-லேயே தெரிந்திருந்த ஆபத்து அது. கரைக்குக் கிடைத்த இரண்டாம் வாய்ப்பு அந்தக் கூலியாட்களுக்குக் கிடைக்கவில்லை. இந்த இடத்தில் பெரியாறும் குரங்கணியும் ஒன்றுதான்.

எந்த வேலையிலும் திரும்பச் செய்யக்கூடியது எது, முடியாதது எது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். கரை கட்டுவதில் துணிந்து பார்க்கலாம். தவறினால் அனுபவம் மிஞ்சும். மனித உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அனுபவத்துக்காகக் காத்திருக்க யாருக்கும் உரிமையில்லை. அங்கே முதல் நாள் ஏற்பாடே முழு ஏற்பாடாக இருக்க வேண்டும்.