என்ரானும் டெஸ்லாவும்: ஒரே கண் பார்த்த இரண்டு பங்குகள்

விலை ஏறிக் கிடக்கும் பங்குகளைத் தேடிப்பிடித்து ஷார்ட் அடிப்பதுதான் அமெரிக்க முதலீட்டு மேலாளர் ஜிம் சேனோஸின் தொழில். கையில் இல்லாத பங்கைக் கடன் வாங்கி இன்றைய விலைக்கு விற்பார். விலை இறங்கியதும் வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு வித்தியாசத்தை எடுத்துக்கொள்வார். 2000-ஆம் ஆண்டின் கடைசியில் என்ரானில் இப்படி இறங்கினார். அடுத்த டிசம்பரில் அந்தக் கம்பெனி திவாலானது. 2016-இல் டெஸ்லாவை ஷார்ட் அடித்திருப்பதாக வெளிப்படையாகப் பேசினார். நான்கு ஆண்டு கழித்து, வலிக்க வலிக்க அந்தப் பொசிஷனை, அதாவது போட்ட பந்தயத்தின் அளவை, குறைத்துக்கொண்டார். முன்னது மேதைமை, பின்னது பிடிவாதம் என்று சொல்வோர் உண்டு. ஆனால் இரண்டு முறையும் அவர் ஆராய்ந்த விதம் ஏறக்குறைய ஒன்றேதான்.

என்ரானை நமக்கு மகாராஷ்டிராவின் தாபோல் மின்நிலையச் சண்டையால் தெரியும். ஹூஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அது, எரிவாயுக் குழாய்க் கம்பெனியாகத் தொடங்கி, மின்சாரத்தையும் எரிவாயுவையும் வாங்கி விற்கும் வர்த்தக நிறுவனமாக மாறியிருந்தது. பல ஆண்டுகளுக்கான ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்தானதும், அதில் மொத்தமாக வரக்கூடிய லாபத்தைத் தானே மதிப்பிட்டு அன்றைக்கே கணக்கில் எழுதிக்கொள்ளும். சட்டம் அதை அனுமதித்தது. இந்தக் கணக்கு முறை பற்றிய ஒரு பத்திரிகைக் கட்டுரையைப் படித்துத்தான் சேனோஸ் ஆண்டறிக்கையைக் கையில் எடுத்தார். போட்ட முதலுக்கு வரிக்கு முன் சுமார் 7 சதவீதம்தான் வருமானம். அந்த முதலைத் திரட்ட ஆகும் செலவோ 9 சதவீதத்தை ஒட்டி இருக்கும் என்று அவர் கணக்கிட்டார். அதாவது, வியாபாரம் பெருகப் பெருக நஷ்டமும் பெருகும். உயர் அதிகாரிகள் தங்கள் பங்குகளை விற்றுக்கொண்டிருந்தார்கள். கம்பெனி, தன் உயர் அதிகாரி ஒருவரே நடத்தும் கூட்டு நிறுவனங்களோடு வியாபாரம் செய்வதாக அடிக்குறிப்பில் இருந்தது. எத்தனை முறை படித்தாலும் அந்தக் குறிப்பு புரியவில்லை என்று அவர் பிறகு சொன்னார். அப்போது பங்கு விலை 80 டாலர் அளவில் இருந்தது.

டெஸ்லாவிலும் அதே அடையாளங்கள் தென்பட்டன. 2010-இல் சந்தைக்கு வந்த கம்பெனி, 2019 வரை ஒரு முழு ஆண்டுகூட லாபம் காட்டவில்லை. 2016-இல் சோலார்சிட்டி என்ற சூரிய மின்சக்திக் கம்பெனியைச் சுமார் 260 கோடி டாலருக்கு வாங்கியது. அதற்கும் தலைவராக இருந்தவர் டெஸ்லாவை நடத்தும் ஈலான் மஸ்க்தான். அதை நிறுவியவர்கள் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர்கள். 2018-இல் கணக்குப் பிரிவின் தலைமைக்கு வந்தவர் ஒரு மாதத்தில் கிளம்பிவிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில், கம்பெனியைச் சந்தையிலிருந்து வெளியே எடுக்கப் பணம் தயார் என்று மஸ்க் ட்விட்டரில் எழுதினார். அது தவறான தகவல் என்று சொல்லி, அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் அவருக்கு 2 கோடி டாலரும் கம்பெனிக்கு 2 கோடி டாலரும் அபராதம் போட்டது. இத்தனையும் பார்த்த பிறகு ஷார்ட் அடிக்காமல் இருப்பதுதான் கடினம்.

முதலாளிகளின் கோபத்தைக்கூட ஒப்பிடலாம். 2001 ஏப்ரலில், இருப்புநிலைக் குறிப்பு இல்லாமல் லாபத்தை மட்டும் அறிவிக்கிறீர்களே என்று முதலீட்டாளர் ஒருவர் தொலைபேசிக் கூட்டத்தில் கேட்டார். என்ரானின் தலைமை அதிகாரி ஜெஃப் ஸ்கில்லிங் எல்லோர் காதிலும் விழும்படி அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். 2018 மே மாதம் டெஸ்லாவின் கூட்டத்தில் மூலதனத் தேவை பற்றிக் கேட்டவரை, சலிப்பூட்டும் முட்டாள்தனமான கேள்வி என்று மஸ்க் வெட்டிவிட்டார். ஸ்கில்லிங் நான்கு மாதத்தில் ராஜினாமா செய்தார், பிறகு சிறைக்கும் போனார். மஸ்க்கோ 2020-இல், ஷார்ட் அடித்தவர்களைக் கேலி செய்யச் சிவப்பு சாட்டின் அரைக்கால்சட்டை விற்றார். அதுவும் விற்றுத் தீர்ந்தது. கோபத்தை அளவுகோலாக வைத்து யாரும் பணம் கட்டவேண்டாம்.

விலையை மட்டும் பார்த்தால் டெஸ்லாவின் நிலைமை இன்னும் மோசம். 2001-இன் தொடக்கத்தில் என்ரான் பங்கு அதன் ஆண்டு லாபத்தைப்போல் 55 மடங்கு விலைக்கு விற்றது. அது அதிகம்தானே என்று ஃபார்ச்சூன் இதழில் பெத்தனி மெக்லீன் கேட்டதே அன்று பெரிய துணிச்சல். டெஸ்லா 2020-இல் காட்டிய முதல் முழு ஆண்டு லாபம் 72.1 கோடி டாலர். மாசுக் கட்டுப்பாட்டுச் சலுகைப் புள்ளிகளை மற்ற கார் கம்பெனிகளுக்கு விற்று வந்த 158 கோடியைக் கழித்துவிட்டால் அது நஷ்டம். அந்த ஆண்டின் முடிவில் சந்தை அந்த லாபத்துக்குச் சுமார் 900 மடங்கு விலை கொடுத்தது. முந்தைய ஆண்டில் 3.67 லட்சம் கார் விற்ற கம்பெனி, ஒரு கோடிக்கு மேல் விற்ற டொயோட்டா குழுமத்தைச் சந்தை மதிப்பில் 2020 ஜூலையிலேயே முந்திவிட்டது. 55 மடங்கில் நின்றது விழுந்தது, 900 மடங்கில் நின்றது நின்றது. ஆகவே, எத்தனை மடங்கு என்ற எண்ணை வைத்து ஷார்ட் அடிக்கலாமா என்று முடிவு செய்ய முடியாது.

எனக்குப் பிடிபடும் வேறுபாடு, ஏறிய விலை அந்தந்தக் கம்பெனிக்குள் என்ன வேலை செய்தது என்பதில் இருக்கிறது. என்ரானின் நிதித் தலைவர் ஆண்ட்ரூ ஃபாஸ்டோ அமைத்த ராப்டர் என்ற ஏற்பாடுகள், கம்பெனியின் முதலீடுகளில் வரும் நஷ்டத்தை ஏற்றுக்கொள்வதாகக் காகிதத்தில் இருந்தன. அப்படி ஏற்க அவற்றிடம் இருந்த பலமே என்ரான் பங்குதான். முதலீடுகள் சரிய, கூடவே பங்கும் சரிய, தாங்க ஆள் இல்லாமல் போயிற்று. 2001 அக்டோபர் 16 அன்று 61.8 கோடி டாலர் காலாண்டு நஷ்டத்தை அறிவித்தார்கள். அந்த ஏற்பாடுகளைக் கலைத்ததில் பங்குதாரர்களின் மூலதனம் 120 கோடி குறைந்ததும் அன்றுதான் தெரிந்தது. வாடிக்கையாளர்களும் கடன் கொடுத்தவர்களும் நம்பிக்கை இழந்தால் ஒரு வர்த்தகக் கம்பெனிக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. டிசம்பர் 2-இல் கதை முடிந்தது.

டெஸ்லாவில் ஏறிய விலை ரொக்கமாக மாறியது. மூடுவிழாவுக்குச் சில வாரங்களே இருந்த நிலைக்கு 2018-இல் போனதாக மஸ்க்கே ஒப்புக்கொண்டிருக்கிறார். சேனோஸின் சந்தேகம் கற்பனையல்ல. ஆனால் 2020-இல் பிப்ரவரி, செப்டம்பர், டிசம்பர் என மூன்று தவணையில் புதுப் பங்கு விற்றுச் சுமார் 1,200 கோடி டாலரைக் கம்பெனி திரட்டியது. விலை அநியாயமாக ஏறியிருந்ததால், மிகச் சிறிய பங்கை விட்டுக்கொடுத்தே அவ்வளவு பணம் கிடைத்தது. ஷாங்காயில் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. பெர்லினிலும் ஆஸ்டினிலும் எழும்பிக்கொண்டிருந்தது. பணம் தீர்ந்துபோகும் என்று கணக்குப் போட்டவரின் வாதத்தை, அவர் மிகை என்று சொன்ன விலையே உடைத்துவிட்டது. ஆண்டறிக்கையில் இதைத் தேடினால் கிடைக்காது. ஏனென்றால் அப்போது அது நடந்திருக்கவில்லை.

ஷார்ட்டின் கணிதமும் இங்கே இரக்கம் காட்டாது. என்ரானில் விலை இறங்க இறங்கப் பொசிஷன் சிறுத்துக்கொண்டே போனது. விலை பூஜ்யத்துக்கே போனாலும் 80 டாலருக்கு மேல் ஒரு பங்கில் எடுக்க முடியாது. டெஸ்லாவில் விலை ஏற ஏறப் பொசிஷனும் நஷ்டமும் சேர்ந்து வீங்கின, அதற்கு மேல்வரம்பு கிடையாது. 2020-இல் மட்டும் பங்கு எட்டு மடங்குக்கு மேல் ஆனது. ஷார்ட் அடித்தவர்கள் எல்லோரும் சேர்ந்து 3,500 கோடி டாலருக்கு மேல் இழந்ததாக மதிப்பீடு.

பிறகு 2022-இல் டெஸ்லா சுமார் 65 சதவீதம் விழுந்தது. 2021 கடைசியில் ஷார்ட் அடித்தவருக்கு அது தீபாவளி. 2016-இல் அடித்துவிட்டு அன்றுவரை விடாமல் வைத்திருந்தவர் ஒருவர் இருந்திருந்தால், பங்குப் பிரிப்புகளைச் சரிக்கட்டிப் பார்க்கையில் அவர் விற்ற விலை 15 டாலரை ஒட்டியது. அந்த வீழ்ச்சியின் அடிமட்டமே 100 டாலருக்கு மேல்.