நெருப்புக்குப் பயந்தவர் கட்டிய மர வீடு

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஃபுளோரிடா எல்லைக்குக் கொஞ்சம் மேலே, தாமஸ்வில் என்று ஒரு சின்ன நகரம். அதன் டாசன் வீதியில் ஒரு மஞ்சள் மர வீடு இருக்கிறது. 1884-85இல் கட்டியது. கட்டியவர் சிகாகோவைச் சேர்ந்த ஷூ வியாபாரி சி. டபிள்யூ. லாஃபம். வேகமாக வாசித்தால் ‘லாபம்’ என்று காதில் விழும். வியாபாரிக்குப் பொருத்தமான பெயர்தான்!

குளிர்காலத்தில் மட்டும் வந்து தங்குவதற்காகக் கட்டிய வீடு இது. குழாயைத் திறந்தால் சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் வரும். விளக்குகளுக்குச் சொந்தமாக எரிவாயு ஏற்பாடு. அந்தக் காலத்தில் பெரிய சொகுசு. ஆனால் பார்க்க வருபவர்களைத் திகைக்க வைப்பது வேறு விஷயம். வீட்டில் ஒரு அறைகூட ஒழுங்கான சதுரம் கிடையாது. ஜன்னல், கதவு, அலமாரி எல்லாமே வேண்டுமென்றே கோணலாக வைக்கப்பட்டவை. வாஸ்து பார்ப்பவர் யாராவது உள்ளே போனால் மயங்கியே விழுந்துவிடுவார். மாடிப்படி புகைபோக்கிக்கு உள்ளேயே புகுந்து போகிறது. புகை இரண்டாகப் பிரிந்து படியின் இரு பக்கமும் மேலே ஏறும். வெளியே ஓடுவதற்கு எங்கே பார்த்தாலும் கதவு.

ஏன் இத்தனை கதவு? ஊரில் சொல்லும் காரணம், 1871. அந்த வருடம் அக்டோபர் 8ஆம் தேதி இரவு சிகாகோவில் தீ பிடித்தது. கட்டடங்களும் மரம், நடைபாதைகளும் மரம் என்றிருந்த நகரம் அது. அணைவதற்குள் 17,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்துபோயின. சுமார் 300 பேர் செத்தார்கள். ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். லாஃபம் அதில் தப்பித்தவர், புகையில் அவர் நுரையீரல் கெட்டுப்போனது என்கிறார்கள். மேல்மாடியில் ஒரு ஜன்னல் இருக்கிறது. வருடத்தில் பகலும் இரவும் சமமாக வரும் நாட்களில் அதன் வழியாக விழும் வெயில், தரையில் மாட்டுத்தலை போல ஒரு வடிவம் காட்டும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். திருமதி ஓ’லியரியின் மாடு விளக்கை உதைத்ததால்தான் சிகாகோ எரிந்தது என்று ஒரு கதை உண்டே, அதே மாடு. பாவம், ஏழை ஐரிஷ் குடியேறி. 1997இல்தான் சிகாகோ நகர மன்றம் அவர் மேல் பழி இல்லை என்று தீர்மானம் போட்டது.

சரி, நுரையீரல் கெட்டவர் ஏன் தாமஸ்வில்லுக்கு வந்தார்? பைன் மரக் காற்றுக்காக. பைன் வாசம் நெஞ்சு நோயைக் குணமாக்கும் என்று மருத்துவர்களே எழுதிக்கொண்டிருந்த காலம். ரயில் 1861லேயே இங்கே வந்துவிட்டது. வடக்கத்திப் பணக்காரர்கள் வந்து இறங்க, பெரிய பெரிய விடுதிகள் எழுந்தன. காற்றையே சரக்காக விற்ற ஊர். ஆனால் 1882லேயே ராபர்ட் கோக் காசநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று காட்டிவிட்டார். லாஃபம் வீட்டுக்கு அஸ்திவாரம் போடும்போதே அந்தச் சரக்கின் மதிப்பு இறங்க ஆரம்பித்திருந்தது. பிறகு ரயில் ஃபுளோரிடாவுக்குள் நீண்டபோது, பணக்காரர்களும் கடலைப் பார்க்கக் கிளம்பிப் போனார்கள்.

இதே ஊரில், இதே காற்றில், இன்னொரு செருப்புக்காரரும் இருந்தார். ஃபெஸ்டஸ் ஃபிளிப்பர். தேர்ந்த செருப்புத் தொழிலாளி, அடிமை. அவர் மனைவி இசபெல்லா வேறொரு எஜமானனின் சொத்து. ஃபெஸ்டஸின் எஜமானன் அட்லாண்டாவுக்குக் குடிபெயர்ந்தபோது குடும்பம் பிரியும் நிலை. ஃபெஸ்டஸ் என்ன செய்தார் தெரியுமா? தைத்துச் சேர்த்த காசைத் தன் எஜமானன் கையிலேயே கொடுத்து, மனைவியையும் மகனையும் வாங்க வைத்தார். அந்த மகன்தான் 1856இல் தாமஸ்வில்லில் பிறந்த ஹென்றி ஃபிளிப்பர். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 1877இல் பட்டம் பெற்ற முதல் கறுப்பர். ஒருவர் ஷூ விற்ற காசில் காற்று வாங்கினார். இன்னொருவர் செருப்புத் தைத்த காசில் சொந்தப் பெண்டாட்டி பிள்ளையை வாங்க வேண்டியிருந்தது. அந்த மஞ்சள் வீட்டைப் பற்றிப் பேசும்போது இரண்டையும் சேர்த்தே பேசவேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயமும் உண்டு. வீட்டின் தரை முழுக்க நீள ஊசியிலைப் பைன் மரம். அமெரிக்கத் தெற்கில் ஒரு காலத்தில் சுமார் 9 கோடி ஏக்கரில் பரந்திருந்த காடு அது. இன்று மிஞ்சியது நூற்றுக்கு ஐந்து பங்கு இருந்தால் அதிகம். இந்த மரத்தின் குணம் விசித்திரமானது. அதற்கு நெருப்பு வேண்டும். தரையில் தழையும் புதரும் மண்டிக் கிடந்தால் விதை மண்ணைத் தொடாது, முளைக்காது. அவ்வப்போது தாழ்வாக ஒரு தீ ஓடி எரித்துவிட்டுப் போனால்தான் அடுத்த தலைமுறை எழும். செவ்விந்தியர்களுக்கு இது தெரியும். அந்த மண்ணின் விவசாயிகளுக்கும் தெரியும். அரசு வனத்துறைக்குத்தான் தெரியவில்லை. தீ என்றாலே எதிரி என்றது. தாமஸ்வில் வட்டாரத்தில் காடைகளை ஆராய்ந்த ஹெர்பர்ட் ஸ்டாடர்ட், 1931இல் வெளிவந்த புத்தகத்தில் தீயின் பக்கம் நின்று எழுதியபோதுதான் வாதம் மெல்ல மாறத் தொடங்கியது.

யோசித்துப் பாருங்கள். நெருப்புக்குப் பயந்து ஓடிவந்த மனிதர், நெருப்பில்லாமல் வாழமுடியாத ஒரு காட்டின் மூச்சை நம்பி வந்து தங்கினார். அந்தக் காட்டை வெட்டியே தரை போட்டார். வீடு பிறகு கைமாறியது. பேட்டர்சன் என்ற குடும்பத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டது. 1973இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அத்தனை கதவு வைத்தும், தப்பி ஓடவேண்டிய நாள் அந்த வீட்டுக்கு வரவே இல்லை. சுற்றியிருந்த காடுதான் பெரும்பாலும் போய்விட்டது. அதை அழித்தது நெருப்பு இல்லை, கோடாலியும் ரம்பமும்தான்.