சதுக்கத்தில் ஜெயித்த பாட்டு

போன வருஷம் ஜெயித்த நாடு இந்த வருஷம் யூரோவிஷனை நடத்தும். அதற்கு அரையிறுதி கிடையாது, நேரே இறுதிச்சுற்றுதான். 2004இல் இஸ்தான்புல்லில் ருஸ்லானா ஜெயித்ததால் 2005 போட்டி உக்ரைனின் கீவ் நகருக்கு வந்தது.

நடுவில் ஆரஞ்சுப் புரட்சி. தேர்தல் முறைகேட்டை எதிர்த்து லட்சக்கணக்கானோர் பனியில் சதுக்கத்தில் நின்றார்கள். கிரீன்ஜாலி என்ற குழுவின் ராப் பாட்டு அவர்கள் வாயில் கோஷமாகவே மாறியது.

உள்நாட்டுத் தேர்வுப் போட்டி வாரக்கணக்கில் பல சுற்றுகளாக நடந்தது. ஆனி லோராக்தான் போவார் என்று பேச்சு. ஆட்சி மாறியது. கடைசி நேரத்தில் கிரீன்ஜாலியை நேரடியாக இறுதிக்குள் சேர்த்தார்கள். அவர்களே ஜெயித்தார்கள், லோராக் இரண்டாமிடம்.

புரோகிராமரான எனக்கு, ஓடிக்கொண்டிருக்கும் போட்டியில் விதியை மாற்றுவது உறுத்துகிறது. ஆனால் அந்தப் பனியில் நின்றிருந்தால் நானும் அந்தப் பாட்டுக்குத்தான் ஓட்டுப் போட்டிருப்பேன்.

அரசியல் கூடாது என்றது போட்டி. யுஷ்சென்கோவின் பெயர் உட்பட வரிகளை மாற்ற வேண்டியிருந்தது. இன்னொரு விதியும் உண்டு: யாரும் சொந்த நாட்டுக்கு வாக்களிக்க முடியாது. அந்தப் பாட்டைக் கேட்டுக் கண் கலங்கக்கூடியவர்கள் யாரோ, அவர்களுக்கு மட்டும் அன்று ஓட்டு இல்லை.

24 பாட்டுகளில் 19ஆவது இடம். 2008இல் பெல்கிரேடுக்குப் போன லோராக் இரண்டாவதாக வந்தார். கீவுக்கும் அவரையே அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் அந்த வருஷம் உக்ரைன் தேடியது ஜெயிக்கிற பாட்டை இல்லை. தான் ஏற்கெனவே ஜெயித்த பாட்டை.